களைக்குப் போகும் மடையை அடைப்பது: கல்லீரல் கட்டிக்கு எம்போலைசேஷன்

மேலூர்ப் பக்கம் சில வயல்களுக்குப் பெரியாறு கால்வாய்த் தண்ணீரும் உண்டு, கிணற்று மோட்டாரும் உண்டு. கல்லீரலுக்கும் அப்படி இரண்டு பாசனம். ஏறத்தாழ 75 சதவீத ரத்தம் குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. மிச்சம் கல்லீரல் தமனி வழியாக. ஆனால் கல்லீரலிலேயே முளைத்த புற்றுக்கட்டியும் சரி, பெருங்குடலிலிருந்து பரவி வந்ததும் சரி, வளர்ந்த பிறகு பெரும்பாலும் தமனி ரத்தத்தையே குடிக்கும். மோட்டார் குழாயை அடைத்தால் களை காயும்; பயிர் கால்வாயில் பிழைத்துக்கொள்ளும். கட்டிக்குப் போகும் தமனியை இப்படி உள்ளிருந்தே அடைப்பதுதான் எம்போலைசேஷன்.

வயிற்றைக் கிழிப்பதில்லை. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டு, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கதீட்டர் என்ற வளையும் குழாயைத் தமனிக்குள் விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கல்லீரல் வரை கொண்டுபோவார்கள். அதற்குள்ளிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய மைக்ரோ கதீட்டர் கட்டியின் கிளைக்குள் இறங்கும். ஆஞ்சியோ என்றால் இதயத்துக்குத்தான் என்று நினைப்பவர்கள் உண்டு; கருவி அதேதான், போகும் திசை வேறு.

புற்றுமருந்தையும் சேர்த்து அடைப்பது ‘டேஸ்’ (TACE) முறை. இதில் டாக்சோரூபிசின் என்ற புற்றுமருந்தை 50 முதல் 75 மில்லிகிராம் வரை லிப்பியோடாலில் குழைத்துச் செலுத்துவார்கள். லிப்பியோடால் என்பது அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெய். குருமாவுக்கு அரைக்கிறோமே, அதே கசகசாதான். எண்ணெய் கட்டிக்குள் தங்கும். பின்னாலேயே ஜெலட்டின் துணுக்குகளை விட்டு வழியை அடைப்பார்கள். எண்ணெய்க்குப் பதிலாக மருந்து ஏற்றிய 100–300 மைக்ரான் மணிகளும் உண்டு (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). மருந்துக்குப் பதில் கதிர்வீச்சைக் கொண்டுபோகும் ‘டேர்’ (TARE) முறையில் 20 முதல் 60 மைக்ரான் மணிகளில் கதிர்வீசும் இட்ரியம்-90 இருக்கும். அதன் அரை ஆயுள் 64 மணி நேரம். கதிர் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர்தான் திசுவுக்குள் ஊடுருவும். அடைப்பதைவிடச் சுடுவதுதான் இங்கே வேலை.

கட்டியை அடைப்பதைவிட, அடைக்கக் கூடாததை அடைக்காமல் இருப்பதுதான் கடினம். மணி பின்வாங்கி இரைப்பைக் கிளைக்குப் போனால் புண். பித்தப்பைக் கிளைக்குப் போனால் அழற்சி. இட்ரியம் நுரையீரலுக்குக் கசிந்தால் அங்கே கதிர்ப் புண். அதனால்தான் இட்ரியத்துக்கு முன்னால், ஸ்கேனில் தெரியும் டெக்னீசியம் ஏற்றிய புரதத் துகள்களை விட்டு, அவை எங்கே போகின்றன என்று ஒத்திகை பார்க்கிறார்கள். பித்தநாளத்தைத் திறந்துவைக்க ஸ்டென்ட் குழாய் வைத்திருந்தால் செத்த கட்டியில் சீழ் பிடிக்கும் அபாயம் அதிகம். போர்ட்டல் சிரையே அடைபட்டவருக்கோ கால்வாய் ஏற்கெனவே வறண்டுவிட்டது. மோட்டாரையும் நிறுத்தினால் பயிரும் சாகும். மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீரும் சேர்ந்தவருக்கு டேஸ் பொதுவாகச் செய்வதில்லை.

பிறகு சில நாள் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, குமட்டல் வரும். பெரும்பாலும் கட்டி சாவதன் அடையாளம்தான். ஆனால் நடுக்கத்தோடு காய்ச்சல் நீடித்தால் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

ஒரு மாதம் கழித்து கான்ட்ராஸ்ட் ஸ்கேன், அதாவது ரத்தம் ஓடும் இடத்தைக் காட்டும் மருந்தை நரம்பில் ஏற்றி எடுக்கும் ஸ்கேன். கட்டியின் அளவு குறையவில்லையே என்று கலங்க வேண்டாம். செத்த கட்டி அதே அளவிலேயே கிடக்கலாம். கான்ட்ராஸ்ட் ஏறும் ஓரம் இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால் அங்கே உயிர் மிச்சம். சில நேரம் கட்டி உதரவிதானத்துக்குப் போகும் தமனியிலிருந்து புது வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கும். அடுத்த முறை கதீட்டர் அங்கேயும் தேடிப் போக வேண்டும்.