கூட்டத்துக்கு வராத பெற்றோர்

இலங்கையின் கிழக்கில் ஆரம்பப் பிரிவு ஆசிரிய ஆலோசகராக வேலை செய்யும் எனக்குப் பாடசாலைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “அந்தச் சனத்துக்குப் படிப்பில அக்கறையில்ல சேர். எத்தின தரம் கடிதம் அனுப்பினாலும் கூட்டத்துக்கு வரமாட்டாங்க.”

“அந்தச் சனம்” யார் என்பது ஊருக்கு ஊர் மாறும். வாகரைப் பக்கத்தில் வேடர் வழிவந்த குடும்பங்கள். ஆலையடிவேம்பில் அளிக்கம்பை போன்ற இடத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள். மட்டக்களப்பு நகரில் போர்த்துக்கேயக் கலப்பு மொழியை இன்னும் வீட்டுக்குள் வைத்திருக்கும், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர். நாட்டளவில் தமிழரும் முஸ்லிம்களும் சிறுபான்மை. அதனாலேயோ என்னவோ, நம் பாடசாலைக்குள் நம்மைவிடச் சின்னச் சமூகங்கள் இருப்பதும், அவர்களுக்கு முன்னால் நாமே பெரும்பான்மையாக நிற்பதும் நமக்குச் சட்டென்று தோன்றுவதில்லை.

வராத பெற்றோருக்கு அக்கறையில்லை என்பதை நான் ஏற்கவில்லை. வாகரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் சுனாமி. 2006இல் சண்டை மூண்டு சனம் இடம்பெயர்ந்தது. அன்று எட்டு, ஒன்பது வயதில் முகாம்களுக்குப் போன பிள்ளைகள்தான் இன்று நம்முடைய தரம் 1, தரம் 2 பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள். அவர்களில் பலருக்குப் படிப்பு இடையில் அறுந்துபோனது. திரும்பி வந்தபோது தம்மைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவேண்டி வந்தது. கொஞ்ச நாளில் நின்றுவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு தாயிடம் “தங்கள் பிள்ளையின் கல்வி முன்னேற்றம் தொடர்பாகக் கலந்துரையாட வருகை தருமாறு” என்று ரோனியோ பண்ணிய கடிதம் போய்ச் சேர்கிறது. வாசிக்கத் தெரியாவிட்டால் அதை வாசித்துக் காட்டுவதும் அந்தப் பிள்ளைதான். ஏச்சு விழும் என்று பயந்த பிள்ளை கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளும்.

நேரமும் இருக்கிறது. முதலாம் தவணைக் கூட்டம் பெரும்பாலும் பெரும்போக வேளாண்மை வெட்டுக் காலத்தில் வரும். நாட்கூலிக்குப் போகிற தாய்க்குப் பகல் இரண்டு மணிக் கூட்டம் என்றால் அன்றைய கூலி போய்விட்டது. தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருந்தால் பிள்ளைக்குப் பொறுப்பு அம்மம்மா. பல பாடசாலைகளில் பெற்றோர் பட்டியலில் அம்மம்மாவின் பெயரே இருக்காது.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. இந்தப் பெற்றோரைப் பாடசாலை எதற்கெல்லாம் கூப்பிடுகிறது என்று பாருங்கள். பணம் கட்ட, பிள்ளை சண்டை போட்டதற்கு விளக்கம் சொல்ல, அப்புறம் சிரமதானத்துக்கு. சிரமதானத்துக்கு முதல் ஆளாய் மண்வெட்டியோடு வருவார்கள். அபிவிருத்திச் சங்கச் செயற்குழுத் தெரிவு என்று வந்தால் அவர்களில் ஒருவரின் பெயரையும் யாரும் முன்மொழிவதில்லை. பின்வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த வருடம் அதற்கும் வரமாட்டார்கள்.

ஒரு பாடசாலையில் தரம் 2 டீச்சர் ஒருவர் இதை மாற்றிப் பார்த்தார். அடிக்கடி வராமல் நிற்கும் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு ஒரு பின்னேரம் போனார். நானும் கூடப் போனேன். வரவு இடாப்பை எடுத்துப் போகவில்லை, பிள்ளையின் சித்திரக் கொப்பியை மட்டும் கொண்டுபோனார். நண்டு பிடிக்கும் வலையை அந்தப் பிள்ளை அதில் அழகாக வரைந்திருந்தாள். அம்மம்மா கையைத் துடைத்துக்கொண்டு கொப்பியை வாங்கிப் பார்த்தார். “வலை சரி. கயிறு இப்பிடி வராது மனே” என்று பேத்தியிடம் சொல்லிவிட்டு, எப்படி வரும் என்று விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். நண்டுக்காலம், களப்பு, வலை என்று கதை ஓடியது. வரவைப் பற்றி டீச்சர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. புறப்படும் நேரத்தில் அம்மம்மாவே சொன்னார்: “நான் சந்தைக்குப் போற நாளில தம்பியப் பாக்க ஆளில்ல டீச்சர். அதான் இவள நிப்பாட்டுறன்.” ஒரு வருடமாகக் கடிதம் அனுப்பியும் கிடைக்காத காரணம் அது. தம்பியைப் பக்கத்து முன்பள்ளியில் சேர்க்கப் பேசியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அதனால் ஆசிரியர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தக் குடும்பத்தோடு உங்களுடைய முதல் பேச்சு பிள்ளையைப் பற்றிய நல்ல சங்கதியாக இருக்கட்டும், அதை அவர்கள் இடத்தில் போய்ச் சொல்லுங்கள். முறைப்பாடு பிறகு வரலாம். வாட்ஸ்அப் குழு வைத்திருப்பவர்கள் எழுத்தில் அனுப்புவதைக் குரலில் சொல்லியும் அனுப்புங்கள். எழுத்துத் தெரியாதவரும் கேட்பார், வெளிநாட்டில் இருக்கும் தாயும் கேட்பாள்.

வீட்டுமொழி தமிழ் அல்லாத பிள்ளைகளுக்கு இன்னொரு கவனம் வேண்டும். தரம் 1இல் முதல் வாரங்களில் பிள்ளைகளின் திறனை இனங்காணும் செயற்பாடுகள் செய்கிறோம். தெலுங்கில் கதைக்கும் பிள்ளை நம் கேள்விக்குப் பேசாமல் நின்றால் “மெல்லக் கற்கும் பிள்ளை” என்று குறித்துவிடுகிறார்கள். அந்தக் குறிப்பு பிள்ளையோடு மேல்வகுப்புக்கும் போகும். அந்த நாட்களில் தாயையோ மூத்த சகோதரியையோ வகுப்பில் உட்கார வைத்து, அதே கேள்வியை வீட்டுமொழியில் கேட்கச் சொல்லுங்கள். நான் பார்த்த வரையில் அந்தப் பிள்ளைகளில் பலர் டக்கென்று பதில் சொன்னார்கள். தாயும் அன்றைக்கு வகுப்புக்கு உதவி செய்த ஆளாக வீட்டுக்குப் போகிறாள்.

சமூகத்தின் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுவதை உடனே நிறுத்த வேண்டும். ஆசிரியர் அறையில் சொன்னால்கூட அது மைதானத்துக்கு வந்துசேரும்.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்குப் பெற்றோரை அழைப்பது நல்ல வழி. ஒரு பாடசாலையில் தேன் எடுக்கும் தாத்தா ஒருவரை அழைத்தோம். வேடிக்கைப் பொருளாக நிறுத்தாமல் பாடம் நடத்த விட்டோம். எந்த மாதத்தில் எந்தப் பூ, எவ்வளவு புகை போடுவது, அடையில் எவ்வளவை விட்டுவிட்டு வருவது என்று விளக்கினார். பிள்ளைகள் கேள்வி கேட்டு அவரை விடவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவர் தானாக வந்தார். எழுந்து நின்று, பெண்பிள்ளைகளின் மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இல்லை, இரண்டு தவணையாக யாரும் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். அதிபருக்கு முகம் சுருங்கியது. கூட்டம் முடிந்ததும் அவரிடம் சொன்னேன்: “சேர், இவ்வளவு நாளும் நாம் கேட்டுக்கொண்டிருந்த பங்களிப்பு இதுதான். கொண்டியைப் போட்டுவிட்டு, வருகிற தெரிவில் இவரைச் செயற்குழுவுக்கு முன்மொழியுங்கள்.” கொண்டி அந்த வாரமே போட்டாயிற்று. செயற்குழுத் தெரிவு அடுத்த வருடத் தொடக்கத்தில். அந்தத் தாத்தாவோடு இரண்டு தாய்மாரின் பெயரும் வரவேண்டும் என்று அதிபரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.