புதுப் பெயின்டும் மங்கிய ஹெட்லைட்டும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் முடிந்து வெளியே வருகிறது. பாடி பளபளக்கிறது. ஆனால் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. பிரேக்கை மிதித்தால் சம்பந்தமே இல்லாமல் முன்பக்கச் சின்ன விளக்குகள் லேசாக ஒளிர்கின்றன. பெட்ரோல் முள் இருக்கும் அளவைவிட அதிகமாகக் காட்டுகிறது. வேலைக்கு விடும்முன் இதெல்லாம் இல்லை. வயரிங்கையே மாற்றிவிடலாமா என்று யோசிப்பவர்கள் நிறைய. கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் வயர்கள் நன்றாகவே இருக்கும். கோளாறு புதுப் பெயின்டுக்கு அடியில் இருக்கும்.

மின்சாரம் ஒரு சுற்று சுற்றி பேட்டரிக்கே திரும்பியாக வேண்டும். விளக்கு வரைக்கும் ஒரு வயர் போகிறது. திரும்பி வர இன்னொரு வயர் கிடையாது. காரின் இரும்பு பாடிதான் திரும்பும் பாதை. இதைத்தான் எர்த் என்கிறோம். விளக்கின் உலோகக் கூடும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டும் பாடியின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இது நடக்கும். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. வேலைக்காக விளக்குகளைக் கழற்றி, போல்ட் ஓட்டைகள் வரை பிரைமரும் பெயின்டும் அடித்து, மறுபடி மாட்டும்போது அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. பெயின்டர் எவ்வளவு அக்கறையாக அடித்திருக்கிறாரோ, இந்தச் சிக்கல் அவ்வளவு உறுதி!

முழுசாக அறுந்தால் விளக்கு எரியாது, கண்டுபிடிப்பதும் சுலபம். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் ஏமாற்றும். 12 வோல்ட்டில் 55 வாட் ஹெட்லைட் ஒன்று சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். அதன் மின்தடை ஏறத்தாழ 2.6 ஓம். எர்த் போல்ட்டில் வெறும் அரை ஓம் கூடினால் விளக்குக்குக் கிடைப்பது சுமார் 10 வோல்ட்தான். 2 வோல்ட் போனால் என்ன என்று தோன்றும். ஆனால் டங்ஸ்டன் இழையின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாக விழும். அந்த 2 வோல்ட் இழப்பில் வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

பிரேக்கை மிதித்தால் வேறு விளக்கு எரிவதற்கும் இதே காரணம்தான். பின்விளக்கில் பிரேக் இழையும் டெயில் இழையும் ஒரே பல்பில், ஒரே எர்த்தில் இருக்கும். அந்த எர்த் போய்விட்டால், பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம் பக்கத்து டெயில் இழைக்குள் தலைகீழாக ஏறி, அதன் வயர் வழியே முன்பக்கம் போய், அங்கிருக்கும் சின்ன விளக்குகள் மூலமாக பாடியைச் சேரும். சுற்றுவழியில் இத்தனை இழைகள் வரிசையாக நிற்பதால் எல்லாமே மங்கலாக எரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது பெட்ரோல் முள்ளின் விஷயம். 1960களின் பல பிரிட்டிஷ் கார்களில் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். உள்ளே இரட்டை உலோகப் பட்டை, அதைச் சுற்றி ஒரு சூடாக்கும் கம்பிச் சுருள். சூடானதும் பட்டை வளைந்து தொடர்பை விடும், ஆறியதும் மறுபடி தொடும். இப்படி விட்டு விட்டுக் கொடுத்து சராசரியாக 10 வோல்ட்டை மீட்டர்களுக்கு அனுப்பும். சுருளில் ஓடும் மின்சாரம் திரும்புவது ஸ்டெபிலைசரின் கூடு வழியாக. கூட்டுக்கு எர்த் இல்லையென்றால் சுருள் சூடாகாது, பட்டை வளையாது, முழு வோல்ட்டேஜும் அப்படியே போய்விடும். ஆகவே பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே அதிகமாகக் காட்டினால், டேங்கில் இருக்கும் சென்சாரைக் கழற்றாதீர்கள். முதலில் ஸ்டெபிலைசரின் எர்த்தைப் பாருங்கள்.

இதில் ஆபத்தானது ஒன்று உண்டு. இன்ஜின் ரப்பர் மவுன்ட்களின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கென்று தனியாகத் தடித்த எர்த் பட்டை இருக்கும். அதை மாட்ட மறந்தாலோ பெயின்ட் மேலேயே முடுக்கினாலோ, ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் மந்தமாகச் சுற்றி, கேபிளும் சுட்டால் உடனே நிறுத்துங்கள்.

கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஓம் அளவை நம்பாதீர்கள்: மீட்டர் அனுப்பும் துளி மின்சாரத்துக்கு நூலிழைத் தொடர்புகூடப் போதும், எல்லாம் சரி என்று காட்டிவிடும். விளக்கை எரியவிட்டு வோல்ட் அளவில் வையுங்கள். ஒரு முனை விளக்கின் எர்த்தில், மறுமுனை பேட்டரியின் எர்த் முனையில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாதையில் அடைப்பு இருக்கிறது. எம்ஜிபி போன்ற கார்களில் 1967 வரை பாசிட்டிவ் முனைதான் எர்த். அளப்பதில் அதனால் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் பேட்டரியைத் திரும்ப மாட்டும்போது இதை மறக்கக் கூடாது. ஃபைபர் கிளாஸ் பாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், லோட்டஸ் எலான் போன்றவற்றில் எர்த்துக்கும் வயர்தான். அங்கே அந்த வயர்கள் சேரும் இடங்களைப் பாருங்கள்.

சரிசெய்ய, பேட்டரியைக் கழற்றிவிட்டு, வயர் முனையின் வளையம் உட்காரும் அளவுக்கு மட்டும் இரும்பு தெரியச் சுரண்டுங்கள். போல்ட்டின் மரைக்குள் புகுந்த பெயின்டையும் எடுங்கள். பல் வைத்த ஸ்டார் வாசர் போட்டு நன்றாக முடுக்குங்கள். பார்வைக்கு வழவழப்பான இரண்டு உலோகங்கள் உண்மையில் மிக நுண்ணிய மேடுகளில்தான் தொடுகின்றன. அழுத்தம் கூடும்போது அந்த மேடுகள் நசுங்கித் தொடும் பரப்பு விரியும். முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் ஈரம் புகாது, துருப் பிடிக்காது.

அப்புறம், கதவுகளையும் பாருங்கள். ஜன்னல் ரப்பரைத் தாண்டி மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறத்தான் கதவின் அடியில் ஓட்டைகள் இருக்கின்றன. பட்டியும் பெயின்டும் அவற்றை அடைத்திருந்தால், புதுப் பெயின்டுக்குப் பின்னால் உள்ளிருந்தே துரு கிளம்பும். கண்ணாடியின் மேல் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டாவிட்டால், பெயின்டைக் கீறாத பிளாஸ்டிக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.