வாஸ்குலைடிஸ்: 'நரம்பு வீக்கம்' என்று சொல்லலாமா?

"ஊசி போட நரம்பே கிடைக்கவில்லை" என்று நர்ஸ் அலுத்துக்கொள்வதை ஆஸ்பத்திரியில் பலரும் கேட்டிருப்போம். அவர் தேடுவது ரத்தம் ஓடும் சிரையை. காலில் சிரை புடைத்தாலும் 'நரம்புச் சுருட்டு' என்கிறோம். அதே பழக்கத்தில், ரத்தக் குழாய்களைத் தாக்கும் வாஸ்குலைடிஸ் நோயை 'நரம்பு வீக்கம்' என்று சொல்லிவிட்டால், நோயாளி நரம்பு டாக்டரின் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார்.

லத்தீனில் 'வாஸ்' என்றால் கலம், 'வாஸ்குலம்' சிறுகலம். இலங்கைப் பாடநூல்களில் வரும் 'குருதிக்கலன்' இதற்கு நெருக்கமான சொல். ஆனாலும் கலம் என்றதும் எனக்குப் பானைதான் கண்முன் வருகிறது. ஓடும் குருதிக்குக் குழலே பொருத்தம். 'ஐடிஸ்' கிரேக்க விகுதி. 'அதைச் சார்ந்த' என்பதே அதன் பழைய பொருள். ஆர்த்ரைடிஸ் என்றால் மூட்டைச் சார்ந்த நோய், அவ்வளவுதான். அழற்சி என்ற நெருப்புப் பொருள் பிற்பாடுதான் அதில் ஏறியது. தமிழ் 'அழற்சி'க்கோ வேரிலேயே நெருப்பு: அழல். வீக்கம் அழற்சியின் ஓர் அடையாளம். சிவப்பும் சூடும் வலியும் மற்றவை. ஆகவே குருதிக்குழல் அழற்சி.

எங்கே எரிகிறது என்பதைச் சொல் காட்டிவிடுகிறது. மூட்டியது எது என்பதில்தான் சிக்கல். பல வகைகளில் உடலின் எதிர்ப்பாற்றலே குழலின் சுவரைத் தாக்குகிறது. நகரத்துப் புகையைக் குற்றம் சொல்லத் தோன்றும். ஆனால் இங்கிலாந்தின் நார்விச்சிலிருந்து 2003-இல் வெளிவந்த ஆய்வு, இந்நோயாளிகளிடையே விவசாய வேலை செய்தவர்கள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. மணலிலும் பாறையிலும் உள்ள சிலிக்காவின் தூசியுடனும் தொடர்பு தெரிந்தது. காய்ந்த நிலத்தை உழும்போது டிராக்டருக்குப் பின்னால் எழும் புழுதியில் அதுவும் உண்டு.

அதற்காக நகரம் தப்பிவிடவில்லை. ஜப்பானின் கோபே துறைமுக நகரம் 1995 ஜனவரி நிலநடுக்கத்தில் இடிந்தது; கான்கிரீட் தூசி நகரெங்கும் பறந்தது. அதன்பின் சிறுநீரகத்தைத் தாக்கும் ஒருவகைக் குருதிக்குழல் அழற்சி அங்கே கூடியதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்களின் சந்தேகமும் சிலிக்கா மீதுதான். ஆக, ஊரின் பெயரைக் கேட்பதைவிட நோயாளி எந்தத் தூசியில் வேலை செய்தார் என்று கேட்பது பயன்தரும்.

லியோ பர்கர் என்ற மருத்துவர் 1908-இல் விவரித்த பர்கர் நோயும் குருதிக்குழல் அழற்சியில் ஒரு வகை. அதில் இவ்வளவு தேட வேண்டியதில்லை. பீடியோ சிகரெட்டோ, புகையிலைதான் வினை. கை கால்களின் குழல்கள் அடைபட்டு விரல்நுனி கருக்கும். நடந்தால் ஆடுசதை பிடித்துக்கொள்ளும். நோயாளி அதைச் சொல்வதும் இப்படித்தான்: "கால் நரம்பு இழுக்கிறது, டாக்டர்."