மிரர் இருந்தால் பேக்கப் இருக்கிறதென்று அர்த்தமா?

"எல்லார் லேப்டாப்பிலும் முழு ரெப்போ இருக்கிறதே, தனியாக எதற்கு பேக்கப்?" நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் ரெப்போ என்னும் கிடங்கில் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளைப் பயன்படுத்தும் அணிகளில் இதை அடிக்கடி கேட்கிறேன். குளோன் செய்தால், அதாவது ரெப்போவை நகலெடுத்தால், வரலாறு முழுவதும் வந்துவிடும் என்பது உண்மைதான். அந்த நம்பிக்கையில்தான் நாங்களும் ஒருமுறை மாட்டிக்கொண்டோம்.

முன்பு வேலை பார்த்த இடத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்னொரு சர்வருக்கு மிரர் ஓடும்: ரெப்போவில் இருப்பது அப்படியே அங்கும் நகலாகும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நாள்பட்ட ஒரு குளோனிலிருந்து ஒருவர் எல்லாரும் பகிரும் மெயின் கிளைக்கு ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதை மேலெழுதித் தன்னுடையதை அனுப்புவது) கொடுத்துவிட்டார். இரண்டு வார வேலை கிளையிலிருந்து போய்விட்டது. பதறிப்போய் மிரரைத் திறந்தால், அதிலும் அதே பழைய மெயின்.

லேப்டாப் குளோனில் ரெஃப்லாக் இருக்கும். கிளை முன்பு எங்கே நின்றது என்ற குறிப்பை அது வழக்கமாக 90 நாள் வைத்திருக்கும். கிளையிலிருந்து அறுந்துபோன கமிட்டுகளுக்கு (பதிந்த மாற்றங்களுக்கு) 30 நாள். மிரர் என்பது பேர் (bare) ரெப்போ, அதாவது வேலைக்கான கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் உள்ளது. அதில் ரெஃப்லாக் இயல்பாக அணைந்தே இருக்கும். கமிட்டுகள் உள்ளே கிடந்தாலும் அவற்றைச் சுட்ட ஒரு பெயர் இருக்காது. எஃப்எஸ்சிகே என்ற சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டி ஒவ்வொன்றாகத் தேட வேண்டும், அதுவும் கார்பேஜ் கலெக்‌ஷன் என்ற தானியங்கிச் சுத்தம் அவற்றைத் துடைப்பதற்குள்.

அதற்கு முன் மெயினுக்குக் கடைசியாகப் புஷ் செய்திருந்த தோழி அன்று விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். போன் போட்டு, "புல் எதுவும் கொடுக்காதீங்க, உங்க மெயினை வேற பேர்ல ஒரு கிளையா புஷ் பண்ணுங்க" என்றோம். அவர் லேப்டாப்பை எடுத்துப் போயிருக்காவிட்டால் அந்த வார இறுதி முழுக்கத் தேடியிருப்போம்.

2013 மார்ச்சில் கேடிஇ (லினக்ஸ் டெஸ்க்டாப் மென்பொருள்) திட்டத்துக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிது. முதன்மை கிட் சர்வரில் கோப்பு முறைமை சிதைந்தது. எந்தெந்த ரெப்போக்கள் உள்ளன என்ற பட்டியலையும் மிரர்கள் அங்கிருந்துதான் எடுத்துவந்தன. அந்தப் பட்டியல் கெட்டதும், அதில் இல்லாத ரெப்போக்களை மிரர்கள் தாமாகவே அழித்துவிட்டன. சுமார் 1,500 ரெப்போக்கள் ஆபத்தில் இருந்தன. அந்த ஒத்திசைவில் சிக்காத நகல் வேறொரு சர்வரில் தப்பியிருந்ததால்தான் மீள முடிந்தது.

ஆகவே மிரரோடு, தேதியிட்ட நகல் ஒன்றும் வேண்டும். கிட் பண்டில் எல்லாக் கிளைகளையும் டேக்குகளையும் ஒரே கோப்பாகக் கட்டித்தரும். இரவுதோறும் எடுத்து, பழையதன்மேல் எழுதாமல் வேறு இடத்தில் வையுங்கள். மெயின் கிளைக்கு ஃபோர்ஸ் புஷ்ஷையும் நீக்கத்தையும் சர்வரிலேயே தடுத்துவிடுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முதல் வேலை. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பண்டிலும் எல்லாவற்றையும் தராது. ஹூக்குகள் (தானாக ஓடும் ஸ்கிரிப்ட்கள்), கான்ஃபிக் (அமைப்புகள்), எல்எஃப்எஸ் என்னும் தனிச் சேமிப்பில் இருக்கும் பெரிய கோப்புகள் அதில் வரமாட்டா. புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) நடந்த விவாதங்கள் கிட்டுக்குள் இருப்பவையே அல்ல. புஷ் செய்யாத கிளையும் ஸ்டாஷில் (தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் இடத்தில்) போட்டுவைத்த வேலையும் அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கின்றன. டிஸ்க் போனால் அவையும் போகும். மாலையில் மூடுமுன், அரைகுறையாக இருந்தாலும் உங்கள் பெயரில் ஒரு கிளையாகப் புஷ் செய்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை அந்தப் பண்டிலை ஒரு காலி மெஷினில் குளோன் செய்து, எஃப்எஸ்சிகே ஓட்டி, பில்ட் ஆகிறதா என்றும் பாருங்கள். நாங்கள் முதல்முறை அப்படிச் செய்தபோது பில்ட் நின்றுவிட்டது: எல்எஃப்எஸ் கோப்புகள் ஒன்றுகூட அதில் இல்லை.