இத்தாலியனேட் (Italianate)ங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு என்ன அர்த்தம்? தமிழ்ல எப்படி சொல்றது?

பழைய கட்டிடங்களை பத்தி படிக்கும்போதும் மியூசியத்துல ஓவியத்துக்கு கீழ இருக்குற குறிப்புலயும் இந்த வார்த்தை அடிக்கடி வரும். நிறைய பேர் "இத்தாலியன்"னு நெனச்சு தாண்டி போயிடுறாங்க, ஆனா ரெண்டும் வேற. இத்தாலியன்னா இத்தாலியில பொறந்தது. இத்தாலியனேட்னா வேற ஊர்க்காரங்க இத்தாலியை பாத்து ஆசைப்பட்டு தன்னோடதா ஆக்கிக்கிட்டது.

மூலம் "இத்தாலியனாத்தோ"ங்கிற இத்தாலிய சொல், இத்தாலியத்தனம் ஏறிப்போனதுன்னு அர்த்தம். 16ம் நூற்றாண்டுல இங்கிலாந்துக்கு வந்தப்போ இது பாராட்டே இல்ல, திட்டு. எலிசபெத் ராணி இளவரசியா இருந்தப்போ பாடம் சொல்லிக்கொடுத்த ரோஜர் ஆஸ்காம், 1570ல வந்த தன்னோட புத்தகத்துல ஒரு இத்தாலிய பழமொழியை எடுத்து போடுறார்: இத்தாலியனா மாறின இங்கிலீஷ்காரன் உடம்பெடுத்து வந்த பிசாசு. அங்க போய்ட்டு வர்ற பணக்கார வீட்டு பசங்க பக்தியும் ஒழுக்கமும் கெட்டு திரும்புறாங்கன்னு அவருக்கு கோவம். தானும் இத்தாலி போனவர்தான், ஆனா அங்க இருந்தது 9 நாள் மட்டுந்தான்னு கடவுளுக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கார்!

ஓவியத்துல கதை வேற மாதிரி. 17ம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள்ல யான் போத் மாதிரி சிலர் ரோம்ல தங்கி வரைஞ்சுட்டு அந்த பொன்வெயிலை ஊருக்கு கொண்டுவந்தாங்க. ஆல்பர்ட் கெய்ப்னு ஒருத்தர், இத்தாலிக்கு போனதா எந்த ஆதாரமும் இல்ல, போத்தோட பாணியை பாத்தே கத்துக்கிட்டு தன்னோட ஊரான டோர்ட்ரெக்ட் பக்கத்து டச்சு மாடுகள் மேல அந்த இத்தாலிய சாயங்கால வெளிச்சத்தை அடிச்சு வரைஞ்சிருக்கார், எனக்கு இந்த சொல்லோட அர்த்தம் முழுசா புரிஞ்சது அந்த மாடுகளை பாத்தப்போதான்.

இன்னைக்கு அதிகமா புழங்குறது கட்டிடக்கலையில. 1802ல கட்டிடக்கலைஞர் ஜான் நாஷ் ஷ்ராப்ஷயர்ல க்ராங்க்ஹில்னு ஒரு வீடு கட்டினார், இங்கிலாந்துல இந்த பாணிக்கு முதல் வீடுன்னு அதைத்தான் சொல்வாங்க. பாணியை ஊரறிய செஞ்சது விக்டோரியா ராணியோட ஆஸ்போர்ன் மாளிகை, 1845லேருந்து 1851 வரை வைட் தீவுல கட்டினது. அங்கேருந்து தெரியுற கடல் ராணியோட கணவர் இளவரசர் ஆல்பர்ட்டுக்கு இத்தாலியோட நேப்பிள்ஸ் வளைகுடாவை ஞாபகப்படுத்துச்சாம், அதனால ரெண்டு உயரமான சதுர கோபுரம் வச்சு இத்தாலிய வில்லா மாதிரி எழுப்பிட்டாங்க. அப்புறம் அமெரிக்கா. சின்சினாட்டில ஓவர்-த-ரைன்ங்கிற பகுதியில ஜெர்மன்காரங்க குடியேறின தெருக்கள்ல வரிசையா இதே பாணிதான்: ஒடுக்கமான உயரமான ஜன்னல், அதுக்கு மேல புருவம் மாதிரி ஒரு வளைவு, வெளிய நீட்டிக்கிட்டிருக்குற கூரை விளிம்பு, அதுக்கு அடியில வரிசையா அலங்கார தாங்கிகள். இந்த அலங்காரமெல்லாம் வார்ப்பிரும்புலயும் தகட்டுலயும் ஃபேக்டரியில செஞ்சு கெடச்சதால சாதாரண கடைக்காரரும் தன் கட்டிடத்துல மாட்ட முடிஞ்சுது. அதுவும் இது பரவினதுக்கு ஒரு பெரிய காரணம்.

நம்ம செட்டிநாட்டு வீடுகள்ல இத்தாலி மார்பிள் போட்டிருக்கே, அதுவும் இதானான்னு கேட்டா, இல்ல. அங்க கல்லுதான் இத்தாலியிலேருந்து வந்தது, முற்றமும் வளவும் நம்ம ஊர் அமைப்பு.

சரி தமிழ்ல? "இத்தாலிய"ன்னு மட்டும் போட்டா தப்பு, அது இத்தாலியிலேயே உள்ளதை குறிச்சிடும். "இத்தாலியப் பாணி" பரவால்ல, ஆனா ரோம்ல இருக்குற வீட்டுக்கும் அதையே சொல்லலாமே, வித்தியாசம் தெரியாம போயிடுது. "இத்தாலியமயமான"ங்கிறது மூலத்துக்கு கிட்ட வருது, ஆனா ஏதோ அரசியல் தீர்மானம் மாதிரி கேக்குது. என் ஓட்டு "இத்தாலியம் தழுவிய"க்குத்தான், வேற மொழி கதையை நம்மாளுங்க தழுவி எழுதினதுன்னு சொல்றோமே அதே தழுவல். இத்தாலியம் தழுவிய கட்டிடம், இத்தாலியம் தழுவிய டச்சு ஓவியர்னு தாராளமா எழுதலாம். ஆஸ்காம் திட்டின அர்த்தத்துல வந்தா மட்டும் "இத்தாலிய மோகம் பிடிச்ச"ன்னு போடுங்க.