பனியின் மேல் பழி போடாதீர்கள்

இந்த மழைக்காலத்தில் இது நான்காவது குழந்தை. கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்தார்கள். ஒரு கம்பளி, மூன்று ஸ்வெட்டர், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குல்லாய். எல்லாவற்றையும் உரித்து எடுக்கவே ஐந்து நிமிடம் பிடித்தது. உள்ளே 8 வயதுப் பையன், எடை 11 கிலோ. கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக் கிடந்தன. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"பனி ஒத்துக்கல சார். பொறந்ததுலேருந்தே நெஞ்சுச் சளி" என்றார் பாட்டி.

பதினாறு வருடமாக இந்த மலையில் பிசியோதெரபி பார்க்கிறேன். "பனி ஒத்துக்கல" என்று யாராவது ஆரம்பித்தாலே இப்போது எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பையனுக்கு மூளை முடக்குவாதம். பிறந்ததும் அழவில்லையாம். மூச்சு தாமதமானதில் மூளை அடிபட்டு, கை கால் தசைகளோடு விழுங்கும் தசைகளும் சொன்னபடி கேட்பதில்லை. (போலியோவா என்று இன்னமும் கேட்கிறார்கள். 2011-க்குப் பிறகு இந்தியாவில் காட்டு வைரஸ் போலியோ ஒரு குழந்தைக்கும் வரவில்லை.) அப்பாவும் அம்மாவும் காலை 7 மணிக்கெல்லாம் கேரட் காட்டுக்கோ பூண்டுக் காட்டுக்கோ போய்விடுவார்கள். பாட்டி விறகுக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவார். இதைக் கொடுமை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. கூலி விட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

பூட்டிய கதவுக்குப் பின்னால் முனகல் கேட்டு நின்றவர்கள் ஊழியத்துக்கு வந்த மூன்று பேர்: இரண்டு இளம் பெண்கள், ஒரு வயதான பிரதர். "கர்த்தர் காட்டினார் சார்" என்றார் பிரதர். காட்டியது யாராக இருந்தாலும் சரி, பார்த்துவிட்டு நகர்ந்து போகாமல் நின்றார்களே. பாட்டி வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, சிக்குப் பிடித்த முடியை வெட்டி, முதுகில் இருந்த படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டு, வாரம் இரண்டு தடவை வந்து போயிருக்கிறார்கள். இதை அரசு சர்வேயும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

ஆனால் அவர்களும் அவனைப் படுக்க வைத்தே பால் கொடுத்திருக்கிறார்கள். என் கோபம் அங்கேதான்.

நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு எப்படிப் புகட்டுவோம்? பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் மல்லாக்கப் போட்டு, சங்கால் வாயோரத்தில் ஊற்றுவார். இந்தப் பையனுக்கு 8 வயதிலும் அதே கால், அதே சங்கு, அதே கேப்பைக் கஞ்சி. தலை பின்னால் சாய்ந்து தொங்குகிறது. வாய் நிறைந்ததும் மூக்கைப் பிடித்தால் விழுங்கிவிடும் என்று பக்கத்து வீட்டம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். விழுங்கத்தான் செய்யும். பாதி வயிற்றுக்கு, பாதி நெஞ்சுக்கு.

இதற்கு நம்மிடமே வார்த்தை இருக்கிறது. புரையேறுதல். நமக்குப் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவோம், இருமி வெளியே தள்ளிவிடுவோம். இந்தக் குழந்தைகளுக்குத் தினமும் மூன்று வேளை, வாய்க்கு வாய் புரையேறுகிறது. பலருக்கு இருமல்கூட வராது, சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கும். இருமுகிற குழந்தையைவிட இருமாத குழந்தையைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். சாப்பிட்டதும் குரல் கொழகொழவென்று மாறுகிறதா, கண்ணில் நீர் கட்டுகிறதா, மாதம் ஒரு காய்ச்சல் வருகிறதா? அந்தச் சளிக்குள் இருப்பது கஞ்சியும் பாலும்.

நம்ப மாட்டேன் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. அதே வீட்டில், அதே குளிரில், இவனுடைய தங்கை ஒற்றைச் சட்டையோடு மூக்கை ஒழுக்கிக்கொண்டு ஓடுகிறாள். அவளுக்கு ஏன் நிமோனியா வரவில்லை? இன்னொரு கேள்வி. நான் படித்து முடித்ததும் இரண்டு வருடம் மதுரையில் வேலை பார்த்தேன். சித்திரை வெயிலில், மின்விசிறிகூட ஓடாத வார்டில், இதே மாதிரிக் குழந்தைகள் இதே நெஞ்சோடு வருவார்கள். அங்கே எந்தப் பனி? குளிரும் அடுப்புப் புகையும் சளியை மோசமாக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டே படுக்க வைத்துக் கஞ்சி ஊற்றினால் என்ன பிரயோசனம்?

வேடிக்கை என்னவென்றால், 1845-இல் மதுரையிலிருந்து அமெரிக்க மிஷன்காரர்கள் கொடைக்கானலில் வந்து வீடு கட்டியதே இந்தக் குளிர் உடம்புக்கு நல்லது என்றுதான். கீழே காய்ச்சலில் குடும்பம் குடும்பமாகச் சாவதைப் பார்த்துவிட்டு மேலே ஏறினார்கள். அதே வழியில் ஊழியத்துக்கு வருகிறவர்கள் இன்று குளிர்மேல் பழி போட்டுக் கம்பளி விநியோகிக்கிறார்கள். பிரதரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் உட்கார வையுங்கள். தரையில் சுவர் மூலை இருக்கிறதல்லவா, அதில் முதுகைக் கொடுத்து, இரண்டு பக்கமும் அரிசிச் சாக்கோ சுருட்டிய போர்வையோ அணைத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. தலை நேராக, தாடை லேசாகக் கீழே. ஊட்டுகிறவர் எதிரில், தாழ உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், போச்சு. சின்னக் கரண்டி, அரைக் கரண்டி. விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். தண்ணீராக ஓடுகிற கஞ்சியைவிடக் குழைய மசித்த சாதம் பத்திரம். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கப் போடாதீர்கள். மூக்கைப் பிடிக்காதீர்கள். சங்கைத் தூக்கி உத்தரத்தில் செருகுங்கள்.

பட்டினி கிடந்த உடம்புக்கு முதல் நாளே பால், முட்டை, சத்துமாவு என்று அள்ளிக் கொடுக்காதீர்கள். இதயமே தடுமாறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான், அதுவும் டாக்டர் பார்த்த பிறகு. முறுக்கிய காலை எண்ணெய் போட்டு இழுத்து நீட்டாதீர்கள். வெயில் படாமல், கால் ஊன்றாமல் வளர்ந்த எலும்பு சுள்ளி மாதிரி. போன வருடம் அன்பாக இழுத்ததில் ஒரு பெண் குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்தது.

ஊழியக்காரர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஜெபம் பண்ணுங்கள், நான் கோயிலுக்குப் போகிறவன், எனக்கு ஆட்சேபணை இல்லை. வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். திடீரென்று விட்டால் நிற்காமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். "எழுந்து நட" என்று எல்லாப் பிள்ளைகளிடமும் எதிர்பார்க்கவும் வேண்டாம். வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த விபத்துக்குப் பிறகு பழையபடி எழுந்து நடக்கவே இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவருக்கா விசுவாசம் குறைவு?

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் காணிக்கை கேட்பதும் வேண்டாம். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டுவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். "எங்க ஹோமுக்குக் கொண்டு போயிடறோம்" என்பதும் நீங்களாக முடிவு செய்கிற விஷயமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள், மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யட்டும். பெரும்பாலும் ஹோம் தேவைப்படாது. இந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், கடும் பாதிப்புள்ளவர்களுக்கு அரசு தருகிற மாதம் 2,000 ரூபாயும்தான். அதற்குப் பையனைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் வரை பஸ்ஸில் போய்வர வேண்டும், இரண்டு பேருக்குக் கூலி போகும் என்று விட்டுவிட்டார்கள். பிரதர் ஜீப் பிடித்து ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். அந்த ஜீப் வாடகை நூறு கம்பளிக்குச் சமம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் பரிசோதித்துவிட்டு, "சொல்வது புரியாது" என்று அட்டையில் எழுதினேன். அந்த இரண்டு பெண்களில் சின்னவர் தயங்கித் தயங்கி, "இல்ல சார், ஆமான்னா மேல பாப்பான்" என்றார். பாட்டுப் பாடட்டுமா என்று கேட்டார். அவன் கண் உத்தரத்துக்குப் போனது. ஊசி போடலாமா என்று நான் கேட்டேன். என்னையே முறைத்துப் பார்த்தான். எழுதியதை அடித்தேன்.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய பலகையில் பிரதர் ஒரு மூலை நாற்காலி செய்திருந்தார். ஜீப் டிரைவர் கொடுத்த சீட் பெல்ட்டில் பையன் கட்டப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கடைசியாகக் காய்ச்சல் வந்து ஆறு வாரம் ஆகிறதாம். பாட்டி எதிரில் குந்தி உட்கார்ந்து கரண்டியை நீட்டினார். வாயை இறுக மூடிக்கொண்டான். கேப்பைக் கஞ்சி பிடிக்காதாம். "பருப்புச் சோறாடா?" என்றார் பாட்டி. கண் மேலே போயிற்று.