ரோமர் 13-இல் பவுல் சொன்னது கீழமைதல்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு கைப்பிரதியைத் திணித்தார்கள். 'அரசுக்கு அடிபணிவதே வேதக் கட்டளை' என்று தலைப்பு, கீழே ரோமர் 13:1. இந்த 'அடிபணிதல்' பிரசங்கங்களிலும் நுழைந்துவிட்டது. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ஹுப்போடாஸ்ஸோ. ஹுப்போ என்றால் கீழே. டாஸ்ஸோ என்றால் வரிசையாக நிறுத்து, ஒழுங்காக அமை. படைவீரரை அணியில் நிறுத்துவதற்கும் இதே வினைதான்.

பழைய மொழிபெயர்ப்பில் 'எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்' என்றிருக்கிறது. சரி, ஆனால் ஒரு குறை உண்டு. எபேசியர் 5:21-இல் 'ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்பதற்கும், 6:1-இல் பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிவதற்கும் கிரேக்கத்தில் வேறு வேறு சொற்கள். பின்னது 'கேள்' என்ற வினையில் பிறந்தது. 'சொல்பேச்சு கேட்கிற பிள்ளை' என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அச்சு அசலாக அதுதான். ரோமர் 13-இல் இருப்பது முன்னது.

அடிபணிதல் இதைவிட மோசம். தமிழ் வேதாகமத்தில் பணிந்துகொள்ளுதல் என்றாலே வழிபாடு. 'உன் தேவனாகிய கர்த்தரைப் பணிந்துகொண்டு' என்கிறது மத்தேயு 4:10. தானியேல் 3-இல் பொற்சிலையைப் 'பணிந்துகொள்ள' மறுத்துத்தான் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் சூளைக்குப் போனார்கள். ஆள் திரட்டவில்லை, தப்பி ஓடவில்லை. 'ராஜாவாகிய உமக்கு' என்றே கடைசிவரை பேசினார்கள். ராஜாவுக்குக் கீழேதான் நின்றார்கள், பணியத்தான் மறுத்தார்கள். இந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிற சொல் நமக்கு எதற்கு? ஆங்கிலத்தை முன்னால் வைத்துக்கொண்டு அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடுகிற மொழிபெயர்ப்பாளர்கள், கிரேக்கம் தெரியாவிட்டாலும் நம் வேதாகமத்தையாவது ஒருமுறை புரட்டியிருக்க வேண்டும்.

என் தெரிவு 'கீழமைதல்'. கீழமை நீதிமன்றம் என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம், யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. ஹுப்போவுக்குக் கீழ், டாஸ்ஸோவுக்கு அமை. யாருக்குக் கீழ் யார் என்ற வரிசையைச் சொல்லும். காலில் விழச் சொல்லாது. ரோமர் 13:1-2 என்ற இரண்டே வசனங்களில் டாஸ்ஸோவின் வேர் நான்கு முறை வருகிறது. 'எதிர்த்து நிற்கிறவன்' என்பதும் அதில் ஒன்று, எதிரணி வகுப்பவன் என்று பொருள். பவுல் தடுப்பது அப்படி அணிவகுப்பதைத்தான். மனசாட்சிக்கு விரோதமான கட்டளைக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் இடம், மனுஷரைவிட தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்கிற அப்போஸ்தலர் 5:29-இல் அப்படியே திறந்திருக்கிறது.

அப்புறம், மேலே இருப்பவரே வரிசையை மீறினால் என்ன செய்வது? 1550-இல் ஜெர்மனியின் மக்டபூர்க் நகரப் போதகர்கள் இதை எழுத்திலேயே கேட்டார்கள். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1548-இல் திணித்த மத ஏற்பாட்டை அவர்கள் ஏற்கவில்லை. மேலாட்சி அநியாயமாக விசுவாசத்தின்மேல் கைவைத்தால், அதற்குக் கீழமைந்த அதிகாரிகள் மக்களைக் காக்க எதிர்க்கலாம் என்று அறிக்கை வெளியிட்டார்கள். நகரம் 1551 நவம்பர் வரை முற்றுகையைத் தாங்கியது. ஆயுதம் எடுத்தது சரியா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. ஆனால் அவர்கள் ரோமர் 13-ஐ ஒதுக்கிவைக்கவில்லை, அதே வேதபகுதியை வைத்துத்தான் வாதாடினார்கள்.